கைநாட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து

அறுவை சிகிச்சைக்கு முன்பு வாங்கும் சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், நோயாளி கையெழுத்திடும் இடத்திற்குக் கீழே, சாட்சிக்கென்று ஒரு கோடு இருக்கும். பெரும்பாலும் அங்கே கையெழுத்திடுவது நர்ஸ்தான். இத்தனை வருட வேலையில் அந்தக் கோட்டின் மேல் எத்தனை முறை கையெழுத்திட்டிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. ஆனால் 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஏழே முக்கால் மணிக்குப் போட்ட கையெழுத்தை மட்டும் நான் மறக்கவில்லை. அதைப் பற்றியும், அதற்குப் பிறகு என் வேலை முறையில் நான் மாற்றிக்கொண்டவற்றைப் பற்றியும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கம்பம் பக்கத்துக்காரி. நர்சிங் டிப்ளமோ முடித்து, குமுளிக்கு மேலே ஏலக்காட்டுப் பகுதியில் இருக்கும் அறுபது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் 2010-இல் சேர்ந்தேன். இந்த எல்லையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகளிலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும்; கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரத்துப் பெண்களும் ஆண்களும் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கி வருவார்கள். இவர்கள் தவிர, தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்களும் உண்டு. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதனால் எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழர்கள்; டாக்டர்களும் நர்சுகளும் அனேகமாக எல்லோருமே கோட்டயம், பாலா, கட்டப்பனைப் பக்கத்து மலையாளிகள். என்னை வேலைக்கு எடுத்ததற்கு என் மதிப்பெண்களைவிட என் தாய்மொழிதான் காரணம் என்பது சேர்ந்த ஒரு வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எந்த வார்டில் டியூட்டி போட்டிருந்தாலும், "தமிழ் சிஸ்டரை விளி" என்று குரல் வரும்.

இரண்டு மொழியும் அக்கா தங்கை போல என்று எல்லோரும் சொல்வார்கள். மருத்துவமனையில் அந்த உறவுதான் ஆபத்து. தமிழர் ஒருவர் "மயக்கமா வருது" என்றால் அவருக்குத் தலை சுற்றுகிறது என்று பொருள். மலையாளத்தில் மயக்கம் என்பது தூக்கக் கலக்கத்தையும் குறிக்கும் என்பதால், புதிதாக வந்த பெண் நோயாளி அரைத் தூக்கத்தில் இருக்கிறார் என்று எழுதிவிடுவாள். நாம் நெஞ்சில் வலி என்போம். அவர்கள் ஊரில் வலிவு என்றால் மூச்சிரைப்பு. முழுக்க அன்னியமான மொழியாக இருந்திருந்தால் யாராவது நின்று கேட்டிருப்பார்கள். பாதி புரிவதால்தான் ஒருவரும் கேட்பதில்லை.

அன்று காலை வந்த பெண்ணுக்கு வயது முப்பத்தெட்டு. உத்தமபாளையம் பக்கத்து ஊர். ஏலக்காய் எடுக்கும் வேலை. மாதக்கணக்கில் ரத்தப்போக்கு, ரத்தம் மிகவும் குறைந்து இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தோம். கர்ப்பப்பையில் பெரிய கட்டி. முதல் கேஸாக அவரை எடுப்பதாக முடிவாகி, எட்டு மணிக்குத் தியேட்டரில் இருக்க வேண்டும். ஏழே முக்காலுக்குப் பார்த்தால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து இல்லை. எங்கள் தலைமை நர்ஸ், நான் இன்றும் மதிக்கிற ஒரு சேச்சி (மலையாளத்தில் அக்கா), படிவத்தை என் கையில் கொடுத்து, "மோளே, தமிழில் ஒந்நு பறஞ்ஞு கொடுத்திட்டு விரல் வைப்பிச்சோ, தியேட்டரில்நிந்நு விளிச்சு" என்றார். தமிழில் சொல்லிக் கைநாட்டு வாங்கிவிடு, தியேட்டரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்று பொருள்.

படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. செய்யப்போகும் சிகிச்சை என்ற இடத்தில் சர்ஜன் தன் கையால் ஹிஸ்டரெக்டமி என்று எழுதியிருந்தார். அதாவது கர்ப்பப்பையையே எடுப்பது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு அந்த அக்காவிடம் சொன்னது இதுதான்: "அக்கா, வயித்துல இருக்கிற கட்டியை எடுக்கப் போறாங்க. எடுத்துட்டா ரத்தப்போக்கு நின்னுரும். பயப்படாதீங்க."

"நீ சொன்னாச் சரிதேன் தாயி" என்று அவர் பெருவிரலை நீட்டினார். மை தடவி உருட்டினேன். பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. கர்ப்பப்பை என்ற சொல்லைச் சொன்னால் அவர் பயப்படுவார், புருஷனைக் கேட்க வேண்டும் என்பார், புருஷன் கீழே ஊரில் இருக்கிறார், தியேட்டர் காத்திருக்கிறது, சர்ஜன் என்னைத் திட்டுவார். இவ்வளவும் என் மனதில் ஒரு நொடிக்குள் ஓடின. சரியானது எது என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் குறுக்குவழியில் போனேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் டிரெஸ்ஸிங் செய்யும்போது அவர் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலையாளத்து அம்மாவின் கூட்டிருப்புக்காரி, அதாவது உடனிருந்து பார்த்துக்கொள்பவர், அவரிடம் பேச்சுவாக்கில், "கர்ப்பபாத்ரம் எடுத்தல்லே?", அதாவது கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் அல்லவா, என்று சொல்லியிருக்கிறார். "பாத்திரம்ங்குறாங்களே, அது என்னா தாயி?" என்றார். நான் பதில் சொல்லாமல் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என் மௌனத்திலேயே புரிந்துவிட்டது. அழவில்லை, சண்டை போடவில்லை. சிறிது நேரம் கழித்து, "முன்னாடியே சொல்லியிருந்தா எங்க ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருப்பேன்ல" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சிகிச்சை தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை அவர் சம்மதித்திருப்பார். ஆனால் அந்த ஒருவேளையை அவர் கையிலிருந்து பிடுங்கியது சர்ஜன் அல்ல. சர்ஜன் எழுத வேண்டியதைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். பிடுங்கியது என் தமிழ்.

நர்சுகள் தங்களுக்குள் பேசும்போது இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: "மனசு கேக்கலை." ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், நர்சிங் பணியின் அறச்சிக்கல்களைப் பற்றி 1984-இல் எழுதிய புத்தகத்தில் இதைத் தனியே பிரித்துப் பெயரிட்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எது சரி என்றே தெரியாமல் தடுமாறுவது ஒன்று. இரண்டு சரிகளுக்கு நடுவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதை இழப்பது இன்னொன்று. சரியானது எது என்று நன்றாகத் தெரிந்தும், வேலை செய்யும் இடத்தின் கட்டுப்பாடுகளால் அதைச் செய்ய முடியாமல் போவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் அவர் அறத்துயர் என்றார். இந்தப் பிரிவினை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. முதலாவதற்கு மருந்து படிப்பு. இரண்டாவதற்கு மற்றவர்களோடு கலந்து பேசுவது. மூன்றாவதற்கு, நம்மைக் கட்டிப்போடுவது எது என்று கண்டுபிடித்து அதில் கை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு நேர்ந்தது மூன்றாவது வகை என்று தெரிந்த பிறகுதான், "நான் கெட்டவள்" என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பதை விட்டு, அந்தக் காலை ஏழே முக்கால் மணி எப்படி உருவானது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பயம் ஒரு கட்டு. என் அசல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் இருந்தன. பாண்டு, அதாவது இத்தனை காலம் வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், முடிவதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும். அப்போது கேரளத்தில் பல தனியார் மருத்துவமனைகளில் இதுதான் வழக்கம். 2011-12-இல் நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடியதற்குச் சம்பளத்தோடு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல், 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எல்லையில் நடந்தவை நினைவிருப்பவர்களுக்கு, ஒரு மாதம் கழித்து ஒரு தமிழ்ப் பெண் அங்கே வாயைத் திறந்து, "இது சரியில்லை டாக்டர்" என்று சொல்வதில் உள்ள தயக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்போலப் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. கடைகளும் பஸ்சும் இல்லாத அந்த நாட்களில் ஹாஸ்டலில் எனக்குச் சோறு போட்டவர் அதே சேச்சிதான். ஒருவர் கையால் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னதை மறுப்பது பயத்தைவிடப் பெரிய கட்டு. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு தொடர்கல்வி வகுப்பில், வகுப்பெடுத்தவர் உச்ச நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். சமீரா கோலி வழக்கு. பரிசோதனைக்காக மட்டும் சம்மதம் கொடுத்து மயக்க நிலையில் இருந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிரைக் காக்க அந்த நேரத்திலேயே செய்தாக வேண்டும் என்ற நிலை இல்லாதபோது, ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது என்றும், சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அவர் தாய் சம்மதிக்க முடியாது என்றும், என்ன சிகிச்சை, ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் நோயாளிக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. கர்ப்பப்பை என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து வகுப்பு முடியும்வரை நான் தலை நிமிரவில்லை. எங்கள் படிவத்தில் சட்டப்படி எல்லாம் இருந்தது. 'புரியும்படி' என்பது மட்டும் இல்லை. அது என் பொறுப்பில் விடப்பட்டிருந்தது.

அதன் பிறகு நான் செய்த முதல் மாற்றம் சிறியது. "நீயே தமிழில் சொல்லிவிடு" என்று யாராவது படிவத்தைக் கொடுத்தால், "டாக்டர், நீங்கள் சொல்லுங்கள், நான் வரிக்கு வரி தமிழில் சொல்கிறேன்" என்று பதில் சொல்லத் தொடங்கினேன். இது மறுப்பு அல்ல. உதவி செய்ய முன்வருவதுதான். அதனால் இதற்காக யாரும் இதுவரை என்மேல் கோபப்பட்டதில்லை. விளக்குவது டாக்டரின் வேலை, மொழிபெயர்ப்பது என் வேலை, கைநாட்டு வைத்தவர் இவர்தான் என்று சொல்வது சாட்சியின் வேலை. இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் செய்வதுதான் தவறுக்கு வாசல். ஆகவே மொழிபெயர்த்த நாளில் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை; பக்கத்து வார்டு நர்சைக் கூப்பிடுவேன். படிவத்தின் ஓரத்தில், தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னவர் என்று என் பெயரும் நேரமும் எழுதுவேன்.

நேரம் முக்கியம். முதல் நாள் சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிந்தவுடன் சம்மதம் வாங்கினால் நோயாளிக்கு ஓர் இரவு யோசிக்கக் கிடைக்கும். காலையில் வாங்கினால் தியேட்டர் கடிகாரம்தான் முடிவெடுக்கும். தூக்க ஊசி போட்ட பிறகு வாங்குவது சம்மதமே இல்லை. இதை நான் தலைமை நர்சிடம் அறம் என்று சொல்லிக் கேட்டபோது நகரவில்லை. "காலையில் முதல் கேஸ் தாமதமாவது குறையும்" என்று சொன்னபோது ஒரே வாரத்தில் நடைமுறைக்கு வந்தது. எதைச் சொன்னால் நடக்கும் என்று பார்த்துச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது. "புரிஞ்சுச்சா?" என்று கேட்டால் நம் மக்கள் எல்லோரும் "புரிஞ்சுச்சு" என்றுதான் சொல்வார்கள், வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் புரியவில்லை என்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். அதனால், "வீட்ல போன் பண்ணிக் கேட்டா என்ன ஆபரேஷன்னு சொல்வீங்க?" என்று கேட்பேன். அப்போது வரும் பதிலில் எது விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும். இதற்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த அக்காவுக்கு நான் கொடுக்காமல் விட்டது அந்த மூன்று நிமிடத்தைத்தான்.

நர்ஸ் எழுதும் குறிப்புக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நான் 2016-இல்தான் உணர்ந்தேன். மழைக்கால இரவொன்றில் கேஷுவால்டியில் (அவசரப் பிரிவில்) இருந்தபோது, கூடலூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவனை ஜீப்பில் தூக்கிவந்தார்கள். வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றார் கூட வந்த தோட்டத்து மேஸ்திரி. ஆனால் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவு சுருங்கியிருந்தது, சட்டையில் மண்ணெண்ணெய் கலந்தாற்போன்ற பூச்சிமருந்து நெடி. ஏலத்திற்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் நஞ்சு இப்படித்தான் காட்டும்; அது தோல் வழியாகவும் ஏறும். சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினோம். டியூட்டி டாக்டர் உடனே அதற்கான முறிமருந்து அட்ரோபின் தொடங்கினார். விஷம் என்று உறுதியானதும் மேஸ்திரியின் பேச்சு மாறியது. "அவனே குடிச்சிருப்பான் சார், வீட்டுல ஏதோ பிரச்சினை."

பையனிடம் நான் கேட்டேன். திணறித் திணறி, "மருந்து அடிச்சேன்க்கா" என்றான். நம் ஊரில் மருந்து அடிப்பது என்றால் தோட்டத்தில் தெளிப்பது, மருந்து குடிப்பது என்றால் தற்கொலை முயற்சி. இந்த வித்தியாசம் ஒரு சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த டாக்டர் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, ஊரோ நகரம். சாராயம் அடிப்பது போல மருந்தை அடித்தான் என்று எடுத்துக்கொண்டு, மேஸ்திரி சொன்னதும் அதற்கு ஒத்துப்போகவே, விஷம் குடித்ததாக எழுதிவிட்டார்.

நான் அவரோடு வாதாடவில்லை. நர்ஸ் குறிப்பில் நேரம் போட்டு, நோயாளி சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோளுக்குள் எழுதினேன்: காலை முதல் மருந்து அடித்தான், கைக்கு உறை இல்லை, நனைந்த சட்டையை மாற்றவில்லை. கீழே, 'மருந்து அடித்தல் என்றால் பூச்சிமருந்து தெளித்தல்' என்று ஒரு வரி. அதை டாக்டரிடம் காட்டி, "இந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் அர்த்தம் வேறு" என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பையனிடம் மறுபடி கேட்டுத் தன் குறிப்பைத் திருத்தி, பக்கத்திலேயே கையெழுத்தும் நேரமும் போட்டார். விஷ கேஸ் என்பதால் காவல்துறைக்குப் போன தகவலிலும் அதுவே போனது. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பணம் கிடைக்க வேண்டுமானால் பாதிப்பு வேலையினால், வேலையின்போது வந்திருக்க வேண்டும். 'குடித்தான்' என்ற ஒரு சொல் அந்தக் குடும்பத்தின் வழியை அடைத்திருக்கும்.

எட்டு நாளில் பையன் நடந்து போனான். அடுத்த வாரம் நிர்வாகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, "யார் உங்களை இதையெல்லாம் எழுதச் சொன்னது?" என்று கேட்டார்கள். தோட்டக்காரர்கள் மருத்துவமனைக்கு வேண்டியவர்கள். ஆறு வாரம் ஓ.பி. டோக்கன் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. சரியாகச் செய்தால் மனம் இலேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஆகவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு வாரமும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

குறிப்பு எழுதுவதைப் பற்றி இளம் பிள்ளைகளிடம் நான் சொல்வது: நாம் பார்த்ததை, கேட்டதை, செய்ததை, நேரத்தோடு எழுத வேண்டும், நம் முடிவையோ கோபத்தையோ எழுதக்கூடாது. 'டாக்டர் அலட்சியமாக இருந்தார்' என்று எழுதினால் அது சண்டை. 'இரவு 2.10-க்கு டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, 2.25-க்கு மறுபடி செய்தேன், 2.30-க்கு சூப்பர்வைசருக்குத் தெரிவித்தேன்' என்று எழுதினால் அதை யாராலும் அசைக்க முடியாது.

அதே காரணத்தால்தான், செய்யாததை எழுதுவது என்னை மிகவும் உறுத்துகிறது. இந்தியன் நர்சிங் கவுன்சில் ஐ.சி.யூ.வுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று அளவு வைத்திருக்கிறது. எங்கள் இரவுகளில் இரண்டு வென்டிலேட்டரும் மூன்று சாதாரண நோயாளிகளும் ஒருத்தி தலையில் இருந்த நாட்கள் உண்டு. விடிகாலை ஐந்தரைக்குச் சார்ட்டில் பார்த்தால் மூன்று மணிக்கட்டமும் நான்கு மணிக்கட்டமும் காலியாக இருக்கும். 'ஓவர் கொடுக்க' (அடுத்த டியூட்டி நர்சிடம் ஒப்படைக்க) வேண்டுமே என்று நாடி 82, 84 என்று கை தானாக எழுதும். நானும் எழுதியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, அந்தக் கட்டத்தில், 'எடுக்கவில்லை, படுக்கை 4-இல் அவசரம்' என்று எழுதத் தொடங்கினேன். முதல் மாதம் திட்டு விழுந்தது. மூன்றாம் மாதம், அந்தக் காலிக் கட்டங்களைக் காட்டித்தான் தலைமை நர்ஸ் இரவுக்கு இன்னொரு ஆள் கேட்டு வாங்கினார். பொய்யான 82 எழுதப்பட்டிருக்கும்வரை ஆள் போதவில்லை என்பதற்கு ஆதாரமே இருக்காது.

எல்லாமே இப்படித் தெளிவாக இருப்பதில்லை. 2019-இல் கம்பத்துப் பெரியவர் ஒருவர், பக்கவாதத்தில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். வீட்டு வாசலில் உயிர் போக வேண்டும் என்று பிள்ளைகள் 'டாமா' (டாக்டர் சொல்லை மீறி நாங்களே கூட்டிப்போகிறோம் என்ற கடிதம்) எழுதிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்திருந்தது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும் என்ற அந்த முறையை 2023-இல் இன்னும் எளிதாக்கினார்கள். மலைமேல் இருக்கும் சின்ன மருத்துவமனையில் அதெல்லாம் காகிதத்தில்தான். நடப்பது என்னவென்றால், ஒரு நர்ஸ், கையால் மூச்சு ஊட்டும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே ஆம்புலன்சில் மலையிறங்குவாள். அன்று அந்த நர்ஸ் நான். மலையடிவாரத்து லோயர் கேம்ப் வருவதற்கு முன் கடைசி வளைவுகளில் கழுத்தில் நாடி இல்லை. பக்கத்தில் மகள், மடியில் பால் டம்ளரோடு. நான் பையை அழுத்துவதை நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் அவர்கள் வாயில் பால் விடும்வரை அழுத்தினேன். நோயாளியை இடம் மாற்றும்போது எழுதும் குறிப்பில் மட்டும் நாடி நின்ற நேரத்தை உள்ளபடி எழுதினேன். மூத்த மகனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் இது அந்தக் கைநாட்டு போல உறுத்துவதில்லை, குழப்புகிறது. ஜேம்டன் சொன்ன இரண்டாவது வகை இதுதான். இதற்குத் துணை மற்றவர்களிடம் பேசுவது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்சுகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்த தங்கள் சக நர்ஸ் அருணா ஷான்பாகை 2015-இல் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய நாற்பத்திரண்டு ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவை நிறுத்தக் கோரிய வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் தகுதி அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் முடிவோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். தினமும் தொட்டுத் துடைத்தவர்களின் சொல்லுக்கு எடை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது எனக்குத் தைரியம்.

எப்ஸ்டீன், ஹாம்ரிக் என்ற இரண்டு அமெரிக்க நர்சிங் ஆய்வாளர்கள் 2009-இல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயம் சொன்னார்கள்: ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்த பிறகு அடியில் கொஞ்சம் தங்கிவிடுகிறது; அடுத்தது வரும்போது அந்தத் தங்கலின் மேல் ஏறி உட்காருகிறது. காப்பி மண்டி என்று நான் புரிந்துகொண்டேன். கழுவாத பாத்திரத்திலேயே மறுபடி மறுபடி போட்டால் கடைசியில் எல்லாமே கசக்கும். சிலர் வேலையை விடுகிறார்கள், சிலர் வெளிநாடு போகிறார்கள், சிலர் எதுவும் உறைக்காதவர்களாகிவிடுகிறார்கள். கடைசி வகையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

அதனால் எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மனசு கேட்காத நிகழ்ச்சி நடந்த அன்று, டியூட்டி முடிந்து உடுப்பு மாற்றுவதற்கு முன், இரண்டு மூன்று பேர் கட்டன் சாயாவோடு பத்து நிமிடம் உட்காருவோம். யார்மேல் தப்பு என்று பேசக்கூடாது என்பது விதி. எங்கே நின்றிருக்கலாம் என்று மட்டும் பேசலாம். வீட்டில் போய்ச் சொல்வதைவிட இது நல்லது; என் வீட்டுக்காரர் "அப்படின்னா வேலையை விட்டுரு" என்பார், அது அன்பில் வரும் பேச்சு, ஆனால் எனக்கு உதவாது. அப்படி ஒரு நாள் சாயாவின்போதுதான் அந்தக் கர்ப்பப்பைக் கதையைச் சேச்சியிடம் முதல்முறையாகச் சொன்னேன். நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னார். அது அவருடைய கதை, இங்கே எழுதுவது முறையல்ல.

தமிழில் ஒரு சம்மதப் படிவம் வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கேட்டோம். நான் கையால் எழுதினேன். சேச்சி மலையாளப் படிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். நிர்வாகத்தின் வக்கீல் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். இதுவரை மூன்று முறை திருத்திக் கொடுத்தாகிவிட்டது, ஒப்புதல் வரவில்லை. சேச்சி ஓய்வு பெற்றுவிட்டார். ஒப்புதல் வரும்வரைக்கும் என்று ஜெராக்ஸ் எடுத்து வார்டு மேசையின் இரண்டாவது டிராயரில் வைத்திருக்கிறோம். தமிழ் நோயாளி வந்தால் ஆங்கிலப் படிவத்தின் பின்னால் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவோம். அதில் உறுப்புகளின் பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் நர்ஸ் அந்த இடத்தில் தாவிப் போய்விடக்கூடாது என்பதற்காக.